படிப்பு கூடக் கூட வேலையில் நிறைவு குறையுமா?

வரைபலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் இங்கே வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இயந்திரவியலில் முதுகலை வரை படித்தவள். 7 வருடமாக ஒரே இடத்தில் வேலை. பதவியின் பெயர் பொறியாளர். செய்வது என்னவென்றால், 14 பம்புகளின் அதிர்வு, வெப்பம், எண்ணெய் அளவு என்று வருகிற எண்களை ஓர் எக்செல் தாளில் ஏற்றி, திங்கட்கிழமை 10 மணிக்குள் மேலே அனுப்புவது. அதை யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு தடவை ஒரே வரியை இரண்டு முறை ஒட்டி அனுப்பிவிட்டேன். பதறிப்போய் மறுநாள் திருத்தி அனுப்பினேன். முதல் தாளுக்கும் பதில் வரவில்லை, திருத்திய தாளுக்கும் வரவில்லை.

சம்பளத்தில் குறை இல்லை. நல்ல நாற்காலி, நல்ல வெளிச்சம், நேரத்துக்கு வீடு. ஆனாலும் ஞாயிறு சாயங்காலமானால் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதே கட்டடத்தில் ஒரு ஃபிட்டர் அண்ணா இருக்கிறார். பள்ளி முடித்து 2 வருடம் தொழிற்பயிற்சி எடுத்தவர். பம்பு அறைக்குள் நுழைந்ததும் உறையின் மேல் உள்ளங்கையை வைப்பார், தலையை லேசாகச் சாய்ப்பார், அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருக்கிற தெளிவு என் முகத்தில் ஒருநாளும் வந்ததாக ஞாபகம் இல்லை.

நான் இவ்வளவு படிக்காமல் இருந்திருந்தால் இதே வேலையில் நிம்மதியாக இருந்திருப்பேனா? என் நிறைவைக் கெடுப்பது படிப்பா, வேலை அமைந்த விதமா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

ரெண்டாவது ஷிப்ட்

தங்கச்சி, நானும் ஃபிட்டர்தான். 22 வருஷம். அதனால அவர் சார்பா ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன்.

படிப்பு கம்மியா இருக்கறதால அவர் நிம்மதியா இருக்கார்னு நினைச்சிடாதீங்க. எந்த பம்பை முதல்ல பிரிக்கணும், எதை நாளைக்குத் தள்ளலாம்னு அவரே முடிவு பண்றார். மாட்டி முடிச்சதும் ஓடுதா இல்லையான்னு நின்ன இடத்துலயே தெரிஞ்சுடும். உங்க தாளுக்கு அப்படி ஒரு 'ஓடிடுச்சு' இருக்கா?

என் கதையச் சொல்றேன். 4 வருஷத்துக்கு முன்னாடி எங்க இடத்துல ஆளுக்கு ஒரு டேப்லெட் குடுத்தாங்க. எந்த வேலை முதல்ல, எது அடுத்து, எதுக்கு எத்தனை நிமிஷம், எல்லாம் அதுவே சொல்லும். சீல் மாத்த 18 நிமிஷம். துருப்பிடிச்ச போல்ட்டு கழலவே 20 நிமிஷம் ஆகும்னு அதுக்குத் தெரியாது. 19-வது நிமிஷம் திரை ஆரஞ்சு கலராகும், தாமதத்துக்குக் காரணம் கேக்கும். காரணப் பட்டியல்ல துருங்கிற வார்த்தையே கிடையாது. 'இதர'ன்னு அழுத்தணும். முதல் மாசம் என் பேர்ல 41 'இதர'. சூப்பர்வைசர் தனியா கூப்பிட்டு விசாரிச்சார்.

சம்பளம் குறையல. வேலையும் அதே வேலைதான். புது கையுறை, புது ஷூகூட வந்துச்சு. ஆனா அந்த மாசத்துலேர்ந்துதான் காலைல எந்திரிச்சா போகணுமான்னு தோண ஆரம்பிச்சது. என் படிப்பு அதுக்கு முன்னாடியும் அதேதான், அப்புறமும் அதேதான். அதனால உங்க கேள்விக்கு என் பதில், படிப்பு இல்ல. வேலைல நம்ம சொல்லுக்கு இடம் இருக்கா இல்லையாங்கறதுதான்.

---

ஹெட்செட்

//காரணப் பட்டியல்ல துருங்கிற வார்த்தையே கிடையாது//

இந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன் அண்ணா. வாடிக்கையாளர் சேவை மையத்தில் 3 வருடமாக இருக்கிறேன். எங்களுக்கும் பட்டியல்தான். கழிப்பறைக்கு ஒரு குறியீடு, தண்ணீர் குடிக்க ஒரு குறியீடு. போன வாரம் வயதான ஒரு அம்மா பேசும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். கணவர் இறந்துவிட்டார், இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான் உண்டு. அதைச் சொன்னேன். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். கடிகாரம் சிவப்பானது. அந்த அழைப்புக்கு எனக்கு மதிப்பெண் குறைந்தது.

நான் மொழி இலக்கியத்தில் முதுகலை. துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்ல விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

---

தரவுப்பெட்டி

தொழில்சார் உடல்நலம் பற்றிப் பாடம் எடுப்பவன். இந்தக் கேள்வியை நேராகவே கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1996-இல் வெளியிட்டது. பிரிட்டனின் ஏறத்தாழ 5,000 தொழிலாளர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். வருமானம் ஒரே அளவில் இருந்தால், படிப்பு கூடக் கூட வேலைத் திருப்தி குறைகிறது என்று கண்டார்கள். ஒருவர் தன் சம்பளத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை, தன்னைப் போன்றவர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார் என்பதும் அதில் தெரிந்தது.

அதில் 'வருமானம் ஒரே அளவில் இருந்தால்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம். உண்மை வாழ்க்கையில் படிப்பு வருமானத்தையும் கூட்டுகிறது, ஆபத்தான வேலையிலிருந்து விலக்குகிறது, முடிவெடுக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோகிறது. ஒரு கையால் நிறைவைத் தருகிறது, மறு கையால் எதிர்பார்ப்பைக் கூட்டுகிறது. எந்தக் கை பலமானது என்பதை வேலைதான் முடிவு செய்கிறது.

ரெண்டாவது ஷிப்ட் சொன்னதை ராபர்ட் கராசெக் 1979-இல் ஒரு மாதிரியாகவே வரைந்து காட்டினார். ஒரு வேலையில் இரண்டைப் பாருங்கள் என்றார்: எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு முடிவெடுக்க விடுகிறது. அதிகம் கேட்டு, அதிகம் முடிவெடுக்கவும் விட்டால் அந்த வேலையில் மனிதர் வளர்கிறார். அதிகம் கேட்டு, முடிவை மட்டும் பிடுங்கிக்கொண்டால் மனம் நைந்துபோகிறது. ஹெட்செட் இருப்பது இந்த இரண்டாவது கட்டத்தில். வரைபலகை இருப்பது வேறொரு கட்டம். அதிகம் கேட்பதும் இல்லை, முடிவெடுக்க விடுவதும் இல்லை. அந்தக் கட்டத்தில் பல வருடம் இருந்தால் கற்ற திறமையே துருப்பிடிக்கும் என்பது கராசெக்கின் அச்சம்.

லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வையும் சொல்லவேண்டும். யாரும் பட்டினி இல்லை, எல்லோருக்கும் நிலையான வேலை, மேசை வேலைதான் பெரும்பாலும். 10 ஆண்டு முடிவில், கடைசிப் படியில் இருந்த ஆண்களின் இறப்பு வீதம் உச்சியில் இருந்தவர்களைப்போல 3 மடங்கு. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேர், இம்முறை பெண்களும் உண்டு. வேலையின் மீது பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுதல் என்று அதில் தெரியவந்தது. மைக்கேல் மார்மட் இந்த இரண்டு ஆய்வுகளோடும் இருந்தவர்.

மேலே இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம், அதனால் நெஞ்சுவலியும் அவருக்குத்தான் என்று நாம் பேசிப் பழகியதற்கு இது நேர் எதிர்.

---

மேற்பார்வை

எல்லோரும் சூப்பர்வைசரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர் பேசிவிடுகிறேன்.

முதலில் என் தவறு. 5 வருடத்துக்கு முன்னால் கிடங்குப் பதிவாளர் வேலைக்கு 3 இடம் இருந்தது. வேலை என்ன? வருகிற சரக்கை எண்ணி எழுதுவது. விண்ணப்பம் 600-க்கு மேல் வந்து குவிந்தது. அத்தனையையும் படிக்க நேரமில்லை என்று 'பட்டம் கட்டாயம்' என ஒரு வரி சேர்த்தோம். 600 பாதியானது. பட்டதாரிகள் 3 பேரை எடுத்தோம். நல்ல பிள்ளைகள். ஒரு வருடத்துக்குள் 2 பேர் போய்விட்டார்கள், மூன்றாவது ஆள் இருக்கிறார், ஆனால் சிரிப்பதில்லை. அவர்களுக்கு முன்னால் அந்த வேலையை 11 வருடம் பார்த்தவர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். தப்பே விட்டதில்லை. அவரைப்போல ஒருவர் விண்ணப்பித்திருந்தாலும் எங்கள் வரி அவரை வெளியே தள்ளியிருக்கும். எங்கள் வசதிக்காக ஒரு வரி எழுதி, இரண்டு பக்கத்து ஆட்களையும் கெடுத்தோம்.

இப்போது என் மறுப்பு. எல்லோருக்கும் முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்று பேசுகிறீர்கள். என்னிடம் இருக்கிற 19 பேரில் 6 பேராவது, என்ன செய்யணும்னு தெளிவாகச் சொல்லுங்கள், செய்துவிட்டு 5 மணிக்குக் கிளம்புகிறேன் என்பவர்கள். ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. இன்னொருவர் மாலையில் இசை கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் வாழ்க்கையின் நடுப்புள்ளி வேறெங்கோ இருக்கிறது. அவர்கள் மீது பொறுப்பைத் திணித்தால் அதுவும் ஒரு கொடுமைதான்.

நடுவில் இருப்பவனுக்கு என்ன பிடி இருக்கிறது என்றும் யோசியுங்கள். அந்த டேப்லெட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆரஞ்சு கலர் என் திரையிலும் எரியும்.

---

ரெண்டாவது ஷிப்ட்

//ஆரஞ்சு கலர் என் திரையிலும் எரியும்//

இத எங்க சூப்பர்வைசர் ஒருநாளும் வாயத் திறந்து சொன்னதில்ல சார். சொல்லியிருந்தா அவரோட பேச்சு வேற மாதிரி இருந்திருக்கும்.

5 மணிக்குக் கிளம்பணும்னு சொல்றவங்களுக்கும் பிடி வேணும். எப்ப கிளம்பறதுங்கறதும் ஒரு முடிவுதானே.

---

இரவுச்செவிலி

இதுவரை வந்த பதில்களைப் படித்தால், படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்து, முடிவெடுக்கவும் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. என்னைப் பாருங்கள்.

நான் படித்தது ஒரு எழுத்துக்கூட வீண் போகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு எண் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டர் வருவதற்குள் நான்தான் முடிவு செய்கிறேன். என் வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் பணி முடிந்து உடைமாற்றும் அறையில், ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றத் தெம்பில்லாமல் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. பக்கத்தில் இன்னொருத்தி அதேபோல உட்கார்ந்திருப்பாள். பேசிக்கொள்ள மாட்டோம்.

காரணம் எளிது. 4 பேர் பார்க்கவேண்டிய இடத்தில் 2 பேர். இரவுப்பணி தொடர்ந்து 6 நாள். நாளைக்கு வரமுடியுமா என்று இன்றைக்குச் சாயங்காலம் போன். வேலையை நேசிப்பவர்கள்தான் இதில் முதலில் உடைவது. நேசிக்காதவர்கள் போனை எடுப்பதில்லை.

எங்கள் நிர்வாகம் மனநலப் பயிற்சி வகுப்பு வைத்தது. மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்த பெண் நல்லவர், எங்கள் கண்களைப் பார்த்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த வகுப்பும் இரவுப்பணி முடிந்த காலையில்தான்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது வேறு. புதிதாக வந்த செவிலியர் கண்காணிப்பாளர் பணிப்பட்டியலை 4 வாரத்துக்கு முன்னாலேயே ஒட்ட ஆரம்பித்தார். தொடர் இரவு 3-ஐத் தாண்டக்கூடாது என்றார். எங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்கவேண்டாம், பட்டியலில் எழுதிவிட்டால் போதும். ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை, சம்பளமும் ஏறவில்லை. ஆனாலும் அந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. என் மகளின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, போகவும் முடிந்தது.

---

தரவுப்பெட்டி

இரவுச்செவிலி சொன்னதோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சில செய்திகள்.

வேலையால் வரும் தீய்வை, அதாவது பர்ன்அவுட்டை, உலக சுகாதார அமைப்பு 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் வரையறுத்தது. அதை நோய் என்று எழுதவில்லை, பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வு என்று எழுதியது. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் எதுவும் ஆகாது என்ற உணர்வு, இந்த மூன்றும் அடையாளங்கள். இந்த விளக்கம் பணியிடத்தைச் சுட்டுகிறது. மூச்சுப்பயிற்சி மட்டும் போதாமல் போவதற்கு அதுவே காரணம்.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 விழுக்காடு கூடுதல், இதயநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 விழுக்காடு கூடுதல். உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு இது. 2016-இல் மட்டும் நீண்ட வேலைநேரத்தால் சுமார் 7,45,000 உயிர்கள் போயின என்று கணக்கிட்டார்கள். இரவுப்பணியையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்துவிட்டது.

இன்னொன்று, கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள கணக்கு. ஜெர்மனியின் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முன்வைத்தது. பெறுவது என்றால் சம்பளம் மட்டும் இல்லை. மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும், மேலே போக வழியும் அதில் அடக்கம். கொடுப்பது தொடர்ந்து கூடி, பெறுவது தேங்கிவிட்டால் உடம்பு அந்தக் கடனைச் சுமக்கிறது.

---

வேலைதேடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 14 மாதமாக வேலை இல்லை. நீங்கள் எல்லாரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஞாயிறு சாயங்காலம் கனக்கிறது என்று ஒருவர் எழுதும்போது, எனக்கு ஞாயிறு எது திங்கள் எது என்ற வித்தியாசமே போய்விட்டது என்று சொல்லத் தோன்றியது. ஆரஞ்சு கலர் திரையாவது எரியட்டும் என்று இருக்கிறது சில நாள்.

---

தரவுப்பெட்டி

மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்னதுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான பழைய கண்டுபிடிப்பு. ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் இருந்த ஒரே பெரிய நெசவாலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரீ யகோடாவும் நண்பர்களும் அந்த ஊரை ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிற்று. தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. வேலை கூலியோடு சேர்த்து நாளுக்கு ஒரு வடிவத்தையும், மனிதர்களோடு தொடர்பையும், சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கத்தையும் தருகிறது என்று யகோடா பிற்காலத்தில் எழுதினார். உங்களுக்கு நாள் குழம்புவது உங்கள் மனபலக் குறைவால் இல்லை. தொடர்ந்து இங்கே எழுதுங்கள். என்ன துறை என்று தனிமடலில் சொல்லுங்கள், என்னால் ஆனதைச் செய்கிறேன்.

---

கரும்பலகை

ஆசிரியை, 30 வருடம். இழை முழுக்கப் படித்தேன். படிப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உள்ளே ஓடுவதாகப் படுகிறது. படிப்பு நிறைவைக் குறைத்தால் படிப்பு கெடுதல் செய்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படியா?

திருப்தி என்பது பாதி வேலையைப் பற்றியது, பாதி நாம் எதை எதிர்பார்க்கப் பழக்கப்பட்டோம் என்பதைப் பற்றியது. மேலே பேசப்பட்ட அதே கிளார்க் 1997-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். பெண்களுக்கு வேலையும் சம்பளமும் ஆண்களைவிட மோசமாக இருந்தும், திருப்தியை மட்டும் கேட்டால் பெண்கள் அதிகம் என்று சொல்கிறார்கள், ஏன்? எதிர்பார்ப்பு குறைவு என்பதுதான் அவர் தந்த விளக்கம். அதற்கு அவர் காட்டிய சான்று என்னைக் கலங்கவைத்தது. இளம் வயதுப் பெண்களிடமும், அதிகம் படித்த பெண்களிடமும் அந்தக் கூடுதல் திருப்தி இல்லை. அதாவது படிப்பு வந்ததும், 'இதுவே பெரிது' என்று சொல்வதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அதை இழப்பு என்று என்னால் எழுத முடியாது. என் மாணவிகள் தங்களுக்குக் கிடைப்பது போதாது என்று சொல்லத் தெரிந்தவர்களாகத்தான் வெளியே போகவேண்டும் என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வரைபலகை, நெஞ்சில் வந்து உட்காருகிற கனம் படிப்பு தந்த நோய் இல்லை அம்மா. இந்தத் தாளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிற அறிவு அது. அதைத் தூங்கவைத்துவிடாதே.

---

ரெண்டாவது ஷிப்ட்

டீச்சர் சொன்னது சரி. யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண இங்க சொல்றேன்.

முதல் 9 வருஷம் நான் கம்ப்ரசர் அறைல வேலை பார்த்தேன். காதடைப்பான் கிடையாது. கேக்கணும்னே தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் குடுப்பாங்க, வேலைல திருப்தியான்னு. 'மிகவும் திருப்தி'ல டிக் அடிப்பேன். பொய் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் இருந்தேன். கூட வேலை பார்த்தவங்க நல்லவங்க, வேலை எனக்குப் பிடிக்கும், மெஷின் சத்தம் பழகிடுச்சு.

இப்ப இடது காதுல பாதிதான் கேக்குது. பேத்தி அந்தப் பக்கம் வந்து ரகசியம் சொன்னா, சிரிச்சுத் தலையாட்டுவேன். என்ன சொன்னான்னு தெரியாது.

பக்கத்து லைனுக்குப் புதுசா வந்த டிப்ளமா பையன்தான் முதல்ல கேட்டான், இங்க டெசிபல் எவ்ளோ, அளந்தீங்களா, வரம்பு எவ்ளோன்னு. அவனுக்கு வாய் நீளம்னு நாங்களே சொன்னோம். அவன் அந்த வேலைல திருப்தியாவே இல்ல. அவன் திருப்தியா இல்லாததாலதான் எங்க எல்லாருக்கும் காதடைப்பான் வந்துச்சு.

---

ஹெட்செட்

அண்ணா...

---

மேற்பார்வை

நாங்களும் வருடாவருடம் அந்தப் படிவத்தைக் கொடுக்கிறோம். 80-க்கு மேல் மதிப்பெண் வந்தால் விளக்கப்படத்தில் பச்சையில் போடுவோம். இனி அந்தப் பச்சையை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தால் யாராவது சொல்லுங்கள், உண்மையாகவே வேண்டும்.

---

இரவுச்செவிலி

சார், என்னிடம் கேட்டிருக்கவேண்டியது இவைதான். போன வாரம் எத்தனை நாள் இடைவேளை எடுக்க முடிந்தது? அடுத்த வாரம் எப்போது வேலை என்று இன்றைக்குத் தெரியுமா? போன மாதம் ஏதாவது ஒன்றை மாற்றச் சொன்னீர்களா, அதற்கு என்ன ஆயிற்று? திருப்தியா என்று கேட்டால் நான் என் நோயாளிகளை நினைத்து 'ஆம்' என்றுதான் எழுதுவேன்.

---

தரவுப்பெட்டி

மூன்றும் அருமையான கேள்விகள். மூன்றாவதை என் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன், அனுமதி வேண்டும்.

வரைபலகைக்கு ஒன்று. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மருத்துவமனையில் துப்புரவு செய்பவர்களிடம் பேசியபோது, ஒரே வேலைப் பட்டியல் உள்ளவர்கள் இரண்டு விதமாக அந்த வேலையைச் செய்வதைப் பார்த்தார்கள். சிலர் தரையைத் துடைத்தார்கள். சிலர் தரையைத் துடைத்தபடியே நோயாளிகளோடு பேசினார்கள், செவிலியரின் நேரம் பார்த்துத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள், தாங்களும் குணப்படுத்தும் வேலையில் இருப்பதாக நினைத்தார்கள். வேலையின் ஓரங்களைத் தானே செதுக்கிக்கொள்வது என்று இதைச் சொல்லலாம். உங்கள் வேலையில் செதுக்க ஏதாவது ஓரம் இருக்கிறதா?

---

இரவுச்செவிலி

இதை எச்சரிக்கையோடு சொல்லுங்கள் ஐயா. செதுக்குவதற்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் வேண்டும். நேரம் இருக்கிறவருக்கு அது நல்ல வழி. 2 பேர் 4 பேரின் வேலையைச் செய்கிற இடத்தில் இதைச் சொன்னால், 'மனநிலையை மாற்றிக்கொள், ஆள் போடமாட்டோம்' என்று நிர்வாகத்துக்குக் கேட்கும்.

---

தரவுப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். வரைபலகைக்கு நேரம் இருக்கிறது, சொல்லுக்குத்தான் இடமில்லை என்பதால் அவருக்கு மட்டும் சொன்னேன்.

---

வரைபலகை

11 நாள் கழித்து வருகிறேன். ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவையாவது படித்தேன். கரும்பலகை அம்மா எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். வேலைதேடி, உங்களை நினைக்காமல் என் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

ரெண்டாவது ஷிப்ட் அண்ணா கேட்ட 'ஓடிடுச்சு' மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. போன புதன்கிழமை ஃபிட்டர் அண்ணாவிடம் போய், நான் வாராவாரம் எழுதுகிற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று காட்டமுடியுமா என்று கேட்டேன். 7 வருடத்தில் நான் பம்பு அறைக்குள் போனது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார்.

9-ஆம் எண் பம்பு. என் தாளில் அதன் அதிர்வு எப்போதும் வினாடிக்கு 2 மில்லிமீட்டருக்குக் கீழே, மிக நல்ல எண். நான் கவலைப்படாத ஒரே பம்பு அதுதான். அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, 'நீங்களும் வைங்க' என்றார். வைத்தேன். பக்கத்துப் பம்பிலும் வைக்கச் சொன்னார். கைக்கே வித்தியாசம் தெரிந்தது. 9 முறுமுறுத்தது.

'சென்சாரைப் பாருங்க' என்றார். பேரிங் இருக்கும் கெட்டியான பகுதியின் மேல் இருக்கவேண்டிய சென்சார், பெயிண்ட் அடித்த மெல்லிய மூடித் தகட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு தடவை கழற்றி மாட்டியபோது யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். பேரிங்கில் நடப்பது அந்தத் தகட்டுக்குச் சரியாக வந்து சேராது. ஏன் என்று எனக்குத் தெரியும், ஒரு முழுப் பருவம் அதைப் படித்திருக்கிறேன். சென்சார் அங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அவருக்கு எண் தவறு என்று கை சொல்லியிருக்கிறது. எவ்வளவு தவறு, எப்போது பழுதாகும் என்று சொல்ல வழி இல்லை. 'நீங்க யாருகிட்டயும் சொல்லலையா அண்ணா?' என்றேன். '2 தடவை சொன்னேன். தாள்ல நல்லா இருக்கேன்னாங்க' என்றார்.

அந்தத் தாள் என் தாள்.

மறுநாள் மேலாளரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். தனியாகப் போயிருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன், அவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்தில் ஒரு அரைநாள் நான் பம்பு அறையில் இருப்பதற்கு 2 மாதம் அனுமதி கிடைத்திருக்கிறது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சென்சாரை இடம் மாற்றிவிட்டோம். 5.8 காட்டுகிறது. பேரிங் மாற்ற தேதி குறித்தாயிற்று, தேதியைக் குறித்தது ஃபிட்டர் அண்ணா.

நாளை திங்கள். 9-ஆம் எண்ணுக்கு எதிரே முதல் தடவையாக 5.8 என்று எழுதப்போகிறேன். குறிப்புக் கட்டத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன். 'எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க' என்றார்.

---

ரெண்டாவது ஷிப்ட்

பேரிங்கைக் கழட்டினதும் உள்வளையத்தைப் பாருங்க தங்கச்சி, குழி விழுந்திருக்கான்னு. போட்டோ எடுத்துப் போடுங்க.